வரைபடம் ஒத்துவரவில்லையா? வரையாடு தேடிப் போகிறவர்களுக்கான கோளாறுப் பட்டியல்

ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. யாராவது ஒருவர் போனை நீட்டி, "அண்ணா, இது நம்மள ஆத்துக்கு நடுவுல நிக்கிற மாதிரி காட்டுது" என்பார். நீலகிரியிலும் ஆனைமலையிலும் வனத்துறை அனுமதியோடு நடக்கும் கணக்கெடுப்புகளுக்கும் நடைகளுக்கும் பல வருடங்களாகப் போய்வருகிறேன். வரைபடம் பார்க்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. ஆட்கள்தான் மாறுகிறார்கள், கோளாறுகள் அதே ஏழெட்டுதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம். அப்படிப் போய்விட்டு வழி தெரியவில்லை என்பவருக்கு இதில் தீர்வு கிடையாது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டி இருக்கும்போது வரைபடம் எதற்கு என்று கேட்பார்கள். எந்தச் சரிவை எந்த நேரத்தில் எங்கிருந்து பார்ப்பது என்று முந்தின இரவே உட்கார்ந்து யோசிக்கத்தான்.

## வரைபடம் வெள்ளையாக வருகிறது

முதலில் விரலால் கொஞ்சம் சுருக்கிப் பாருங்கள். சுருக்கினால் படம் வருகிறது, பெரிதாக்கினால் மறைகிறது என்றால் தூரப் பார்வைக்கு மட்டும் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்து நடக்க முடியாது, எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும்.

படம் வருகிறது, ஆனால் பச்சையாக ஒரு திட்டு, நடுவில் நம் புள்ளி, வேறொன்றும் இல்லையா? நீங்கள் இறக்கியது சாலை வரைபடம். அதில் ஊட்டியின் டீக்கடைகள் எல்லாம் இருக்கும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக்கோடு ஒன்றுகூட இருக்காது. ஓஎஸ்எம்ஆண்ட் மாதிரியான ஆப்களில் சமவுயரக்கோட்டைத் தனியாக இறக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

எதுவுமே வரவில்லை என்றால் காட்டுக்குள் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. பக்கத்து ஆளின் போன், இல்லாவிட்டால் காகிதம். அடுத்த முறைக்கான சோதனை எளிது: கிளம்புவதற்கு முந்தின இரவு ஃப்ளைட் மோடில் போட்டு, ஆப்பை மூடித் திறந்து, போகப்போகிற தடம் முழுக்க விரலால் பெரிதாக்கியபடி ஒருமுறை நடந்து பாருங்கள். ஃப்ளைட் மோடில் போட்டால் இடங்காட்டி (ஜிபிஎஸ்) வேலை செய்யாது என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. வேலை செய்யும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும், அதனால் அதில் போடுவதுதான் நல்லது.

## நீலப் புள்ளி வரவேயில்லை

லொக்கேஷன் அனுமதி அணைந்திருக்கலாம், பேட்டரி சேமிப்பு அதை முடக்கியிருக்கலாம். புள்ளிக்குப் பதில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிய வட்டம் வந்தால் 'துல்லியமான இடம்' என்பதை அந்த ஆப்புக்கு நீங்கள் கொடுக்கவில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? பெரும்பாலும் பொறுமையின்மைதான். ஊரில் இருக்கும்போது செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் போன் இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறது, அதனால் நொடியில் புள்ளி வருகிறது. இணையம் இல்லாத இடத்தில் அந்தத் தகவல் வானத்திலிருந்து மெதுவாக இறங்க வேண்டும். அரை நிமிடத்தில் வந்தாலும் வரும். பல நாள் அணைந்திருந்த கருவி முழுப் பட்டியலையும் வாங்க பன்னிரண்டரை நிமிடம் வரை எடுக்கும். அதுவரை திறந்த வெளியில் அசையாமல் நிற்க வேண்டும். நம் ஆட்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, போனை ஆட்டி, பைக்குள் போட்டு நடக்கத் தொடங்குவார்கள். செக்போஸ்ட்டில் பெயர் எழுதும் நேரத்திலேயே புள்ளியை வரவழைத்துக்கொள்ளுங்கள்.

## நீலப் புள்ளி தாவுகிறது

சோலைக்குள் நிற்கிறீர்களா, பாறைச்சுவர் ஓரமாக நிற்கிறீர்களா? இரண்டிலும் தாவத்தான் செய்யும். ஈரமான இலைக்கூரை சமிக்ஞையைத் தடுக்கும், பாறை அதைத் திருப்பியடிக்கும். இருபது முப்பது மீட்டர் தள்ளிப் புல்வெளிக்கு வந்து ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அப்புறம் போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பைக்குள், எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுத் தடம் பதிவு செய்தால் அது கோலம் போட்ட மாதிரிதான் வரும். தோள்பட்டையில் மாட்டுங்கள், அல்லது சட்டைப் பையில் வையுங்கள்.

கடைசியாகத்தான் கருவி மேல் சந்தேகம். வீட்டு மொட்டை மாடியில், திறந்த வானத்தின் கீழ், பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். பத்து மீட்டருக்குள் அலைந்தால் போன் நன்றாகவே இருக்கிறது. அசையாமல் வைத்தும் ஐம்பது அறுபது மீட்டர் ஓடினால் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகலாம்.

## தாவவில்லை, ஆனால் எங்கே போனாலும் ஒரே பக்கம் தள்ளியே காட்டுகிறது

இது வேறு கோளாறு. போனில் தப்பில்லை, வரைபடத்திலும் தப்பில்லை, இரண்டும் பேசும் கணக்குதான் வேறு.

இந்திய நில அளவைத் துறையின் பழைய 1:50,000 டோப்போ ஷீட்டுகள் (மேடு பள்ளம் காட்டும் வரைபடங்கள்) எவரெஸ்ட் கோளம் என்ற பூமியின் பழைய கணக்கு வடிவத்தை வைத்து வரையப்பட்டவை. போன் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற புதிய வடிவக் கணக்கு. பழைய ஷீட்டை ஸ்கேன் செய்து அப்படியே ஆப்பில் ஏற்றினால் நம் மலைகளில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். சமவெளியில் நூறு மீட்டர் என்றால் அடுத்த தெரு, நீலகிரியின் குந்தா மலையின் மேற்கு விளிம்பில் அந்த நூறு மீட்டரில் பாறை முடிந்துவிடும்.

சோதனை: பாலம், அணைக்கட்டின் முனை, செக்போஸ்ட் என்று இரண்டிலும் சந்தேகமில்லாமல் தெரியும் ஓரிடத்தில் நின்று, எவ்வளவு, எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னோர் இடத்திலும் அதே அளவு, அதே பக்கம் வந்தால் உறுதி. ஆப்பில் டேட்டம் (எந்தப் பூமிக் கணக்கு என்பது) தேர்வு இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அதே துறையின் புதிய ஓப்பன் சீரிஸ் ஷீட்டை எடுங்கள், அது டபிள்யூஜிஎஸ் 84இலேயே இருக்கிறது. ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி தள்ளினால் ஸ்கேன் செய்தபோது காகிதம் மடங்கியிருக்கிறது. அதை ஜிஐஎஸ் (கணினி வரைபட மென்பொருள்) தெரிந்த யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நேராக்கப் பார்த்து, முன்பைவிடக் கோணலாக்கியதுதான் மிச்சம்.

## நண்பர் அனுப்பிய இடம் வேறு மலையில் விழுகிறது

வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடலில் விழுகிறதா? அட்சத்தையும் தீர்க்கத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். நமக்கு 11 முதலில், 76 அப்புறம்.

பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் பாகை (டிகிரி), கலை (மினிட்) குழப்பம். அவர் சொன்னது 11 பாகை 24 கலை, நீங்கள் அடித்தது 11.24. கலை அறுபதில் ஒரு பங்கு, அதனால் 24 கலை என்பது 0.40. அதாவது 11.40 என்று அடித்திருக்க வேண்டும். இந்த ஒரு புள்ளிக்காக 17, 18 கிலோமீட்டர் போய்விட்டது. ஒரு சின்னச் சோதனை: பாகைக்கு அடுத்த இரண்டு இலக்கம் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கலையாக இருக்கவே முடியாது, தசமம்தான். 60க்குக் கீழே இருந்தால் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஒரு பதிவைப் பார்த்து வந்தீர்கள், புள்ளி வரையாடு கனவிலும் இறங்காத ஏதோ தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது என்றால் அது கோளாறே இல்லை. ஆபத்தில் இருக்கும் இனங்களின் இடத்தை அந்தத் தளம் வேண்டுமென்றே மறைக்கிறது, 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்காவது ஒரு புள்ளியைப் போட்டுவிடும். கட்டத்தின் பக்கம் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். பதிவு செய்தவருக்குச் செய்தி அனுப்பிச் சரியான இடத்தைக் கேட்டு நச்சரிக்காதீர்கள். யாருக்கெல்லாம் தெரியக்கூடாது என்றுதான் மறைத்திருக்கிறார்கள். நீங்கள் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பும்போது இடத் தகவலும் கூடவே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## உயரம் தொண்ணூறு மீட்டர் குறைவாகக் காட்டுகிறது

தொட்டபெட்டா உச்சியில் பலகையில் 2,637 மீட்டர் என்று இருக்கும், போன் 2,540 சொச்சம் என்று சொல்லும். பலர் போனைத்தான் திட்டுவார்கள்.

செயற்கைக்கோள் கணக்கு பூமியை வழவழப்பான ஒரு முட்டை வடிவமாக வைத்துக்கொண்டு உயரம் சொல்கிறது. வரைபடம் கடல்மட்டத்திலிருந்து சொல்கிறது. தென்னிந்தியாவைச் சுற்றி இந்த இரண்டுக்கும் இடைவெளி உலகிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. ஆப்பின் அமைப்பில் 'கடல்மட்ட உயரம்' அல்லது 'ஜியாய்டு திருத்தம்' என்று இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் தொண்ணூறைக் கூட்டிக்கொள்ளுங்கள், இந்த மலைகளில் நடப்பதற்கு அது போதும்.

காற்றழுத்தத்தில் உயரம் சொல்லும் கைக்கடிகாரம் என்றால் கதை வேறு. நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கில் ஏறும், மாலை நான்கு மணிவாக்கில் இறங்கும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாலும் கடிகாரம் இருபது மீட்டருக்கு மேல் ஏறியிருப்பதாகச் சொல்லும். டோப்போ ஷீட்டில் ஒரு சமவுயரக்கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே இருபது மீட்டர்தான். உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் கடிகாரத்தைத் திருத்துங்கள்.

## திசைகாட்டி முள் இழுக்கிறது, அல்லது தப்பாகக் காட்டுகிறது

ஜீப் பானட்டில் வைத்துப் பார்த்தீர்களா? தள்ளி வாருங்கள். போன் உறையில் காந்த மூடி இருக்கிறதா? கழற்றுங்கள். போனின் அம்புக்குறி மட்டும் தப்பு என்றால் கையில் எட்டுப் போட்ட மாதிரி நாலைந்து முறை சுழற்றுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்கள் பார்த்துவிட்டு காந்த விலகல் (முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) திருத்தம் என்று பத்துப் பாகை கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் அது இரண்டு பாகை அளவுதான், அதுவும் மேற்காக. ஒரு கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து மீட்டர். கண்டுகொள்ள வேண்டாம்.

முள்ளின் ஒரு முனை கீழே சாய்ந்து உரசிக்கொண்டு நின்றால் உறவினர் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வாங்கி வந்த திசைகாட்டியாக இருக்கும். அங்கே காந்தப்புலம் முள்ளைத் தரைக்குள் இழுக்கும், அதை ஈடுகட்ட மறுமுனையில் எடை வைத்திருப்பார்கள். நம் தெற்கில் முள் எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு பக்கத்தில் போகிறது. 1963இல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். இங்கே இழுப்பு இல்லாததால் வைத்த எடையே முள்ளைச் சாய்க்கிறது. பெட்டியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் அன்றைக்குச் சமாளிக்கலாம். எல்லா மண்டலத்துக்கும் பொதுவான முள் வைத்தது வாங்கினால் தீர்ந்தது.

முள் தலைகீழாக, தெற்கை வடக்கு என்றால்? போன் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்து காந்தம் மாறிவிட்டது. காலைச் சூரியனை வைத்துச் சரிபாருங்கள். உறுதியானால் தூக்கிப் போடுங்கள்.

## வரைபடத்தில் பாதை இருக்கிறது, தரையில் இல்லை

இந்தப் பட்டியலில் ஆளைக் கொல்லக்கூடிய கோளாறு இது. மெதுவாகப் படியுங்கள்.

பாதை ஆரம்பத்திலிருந்தே தெரியவில்லை. பிரியும் இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். வேறு எதையும் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். கடைசியாக 'இது உறுதி' என்று சொன்ன இடத்துக்கு, ஓடைக் கடப்போ தடுப்பணையோ, திரும்பிப் போங்கள்.

பாதை நன்றாக வந்தது, மெல்ல மெலிந்து போய்விட்டது. நீங்கள் நடந்தது மனிதப் பாதையே இல்லை. ஆனைமலையில் ஒருமுறை அருமையான தடம் ஒன்று கிடைத்ததென்று நான் முன்னால் போக, பின்னால் வந்த வனத்துறை வாட்ச்சர் அண்ணன் நின்றுவிட்டார். "இது காட்டெருமை போற தடம் சார். மனுசன் போனா கத்தி பட்ட கெளை இருக்கும், ஒண்ணாவது இருக்கா பாருங்க." இல்லை. அன்றிலிருந்து அதைத்தான் பார்க்கிறேன்: அரிவாள் வெட்டு, மிட்டாய்த் தாள், கல் அடுக்கு. காட்டெருமைத் தடத்தில் கிளைகள் முகத்தில் அடிக்கும். யானைத் தடம் அகலமாக, ஏற்றம் தெரியாமல் சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் ஆபத்து.

பாதை இருந்ததற்கான அடையாளம் இருக்கிறது, ஆனால் புதர். வரைபடம் பழசு. நீலகிரியின் மேல்பகுதியில் சீகை மரம் (வாட்டில்) புல்வெளியை விழுங்கியிருக்கிறது, கீழே உண்ணிச்செடி வழியை மூடியிருக்கிறது. ஷீட்டின் மூலையில் எந்த வருட அளவை என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பாதையை நம்பக்கூடாது. யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கும் பாதைகளில் சில, வீட்டிலிருந்தபடி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தவை. மேலிருந்து பார்த்தால் மாட்டுத்தடமும் பாதை மாதிரியேதான் இருக்கும்.

நான் வைத்திருக்கும் எல்லை பதினைந்து நிமிடம். அதற்குள் பாதை மறுபடி கிடைக்காவிட்டால் வந்த வழியே திரும்புவது. அதைத் தாண்டி "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை. ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்ற பேச்சை இந்த மலையில் நம்பவே கூடாது. முக்குர்த்தியின் மேற்கு விளிம்பில் ஓடைகள் அமைதிப் பள்ளத்தாக்கு, நிலம்பூர் பக்கமாகச் செங்குத்தாக விழுகின்றன. தண்ணீர் இறங்கிவிடும், உங்களால் முடியாது.

மூடுபனி இறங்கி பத்து அடிக்கு அப்பால் தெரியவில்லை, சமவுயரக்கோடுகள் பக்கத்தில் நெருங்கிக் கிடக்கின்றன என்றால் பதினைந்து நிமிடக் கணக்கும் கிடையாது. உட்கார்ந்துவிடுங்கள்.

## புகை வாசம் வருகிறது

வரைபடத்தை மடியுங்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த தீயில் 23 பேர் இறந்தார்கள். தீ மேல்நோக்கி வேகமாக ஓடும், காய்ந்த புல்லில் இன்னும் வேகம். உச்சியை நோக்கி ஓடாதீர்கள். வழிகாட்டி சொல்லும் பக்கம் போங்கள். பாறைத்தளம், ஈரமான சோலை, ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம், இவைதான் ஒதுங்க ஏற்றவை.

## எல்லாம் சரி, விலங்கைத்தான் காணோம்

2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க வந்த வரையாடுகள் 1,303. அதற்கு முந்தின வருடம் 1,031. எத்தனையோ மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கும் இந்தச் சின்னக் கூட்டத்தை ஒரு காலைப் பொழுதில் பார்க்க முடியாமல் போவது கோளாறில்லை. ஆனால் சரிசெய்யக்கூடியவை சில உண்டு.

*நேரம்.* பதினொரு மணிக்கு மேல் அவை பாறை நிழலில் படுத்து அசைபோடும். அந்த நிறமும் பாறை நிறமும் ஒன்று. விடிந்ததும் இரண்டு மணி நேரம், மாலையில் வெயில் தாழ்ந்தபின் ஒன்றரை மணி நேரம். இதற்கு வெளியே தேடுகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

*இடம்.* வரைபடம் உண்மையில் உதவுவது இங்கேதான். 1,200 மீட்டருக்கு மேல், சமவுயரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அதுதான் பாறைச்சுவர். அந்த வட்டத்துக்கு ஒட்டினாற்போல் கோடுகள் விலகித் திறந்த புல்வெளி இருக்கிறதா? இரண்டும் சேரும் விளிம்பில்தான் அவை மேயும், ஆபத்து என்றால் நாலு தாவலில் பாறைக்குப் போய்விட. இப்போது அந்த வட்டத்துக்குப் போகாதீர்கள். எதிர்ச்சரிவில் அரை கிலோமீட்டர் தள்ளி, காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி ஓரிடம் தேடுங்கள். நான் போட்ட வட்டங்களில் பாதி வெறும் பாறையாகத்தான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் மறுபடி போகிறேன்.

*காற்று.* வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே ஏறும், சாயங்காலம் கீழே இறங்கும். பகலில் கீழிருந்து போனால் உங்கள் வாசம் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

*நீங்கள்.* நாற்பது நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்றால் எந்த வரைபடமும் உதவாது. எட்டு மடங்கு பைனாகுலர் போதும். பெரிய தொலைநோக்கி கடைசிச் செலவு, நான் இன்னும் வாங்கவில்லை.

விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டால், அவை உங்களைப் பார்த்துவிட்டன. பின்வாங்குங்கள். யானை லத்தியில் (சாணத்தில்) ஆவி பறக்கிறது, ஒடிந்த மூங்கிலில் இன்னும் ஈரம் இருக்கிறது என்றால் அதற்கப்புறம் முடிவெடுப்பது நீங்கள் இல்லை, வாட்ச்சர். அவர் திரும்பு என்றால் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும்.

## ஆள் ஒருவரைக் காணோம், அல்லது காணாமல்போனது நீங்கள்தான்

நீங்கள்தான் என்றால் நின்ற இடத்திலேயே இருங்கள். மூன்று விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி மூன்று. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 போகும். அழைத்துப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் காணோம் என்றால் எல்லாரும் நாலு திசையில் தேடப் போகாதீர்கள். வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள், அவர் ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்வார். அரை மணி நேரம் நாமே தேடுவோம் என்று வெட்கப்பட்டு இழுத்ததில் இருட்டிப்போன அனுபவம் எங்களுக்கு உண்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் செயற்கைக்கோள் செய்திக் கருவி கொண்டுவருகிறேன் என்பார்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் அது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போகும். கிளம்பும்போதே இந்த மாதிரி ஒன்றை எழுதி வைத்துவிடுங்கள், எண்களை மட்டும் அங்கே நிரப்பினால் போதும்:

"மூன்று பேர். ஒருவருக்குக் கால் பிசகு, நடக்க முடியாது. இடம் (தசமம், அட்சம் முதலில்): 11.____, 76.____. உயரம் ____. மாலை 4:10 முதல் இங்கேயே இருக்கிறோம், நகர மாட்டோம். தண்ணீர் இருக்கிறது. போன் பேட்டரி 22%, ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மட்டும் ஆன் செய்வோம்."